இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதே

தம்பானூர், திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1119 ஐப்பசி 12

சிரஞ்சீவி அழகியநம்பிக்குச் சித்தப்பா ஆசீர்வாதம். இங்கே நானும் உன் சித்தி உலகம்மையும் சௌக்கியம், நீயும் சௌக்கியமாக இருக்கவேண்டுமானால் இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காதே. பட்டாள லாரியை மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டி வந்து பெட்ரோல் மிச்சம் பிடித்ததாகவும், ஹவில்தார் முதுகில் தட்டிக்கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். சித்தி சந்தோஷப்பட்டாள், நான் உடனே பேனாவை எடுத்தேன்.

போன வாரம் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லாரி கவிழ்ந்தது. ஓட்டியவர் நம் யோசுவா அண்ணன். பெட்ரோலுக்கு ரேஷன், இறக்கம் முழுக்க எஞ்சினை அணைத்துத்தான் வரவேண்டும் என்று மானேஜர் உத்தரவு, அவரும் அணைத்தார். இந்தப் புது லாரிகளில் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை இழுப்பது எஞ்சின் உறிஞ்சுகிற காற்றுதான். எஞ்சின் நின்றால் இரண்டு மிதிக்கு அந்தப் பலம் மிச்சமிருக்கும், மூன்றாவது மிதி பாறையை மிதிக்கிறது போலத்தான். அவர் மலைப்பக்கம் திருப்பி மோதியதால் உயிர் தப்பியது, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கவிழ்ந்த வண்டியைச் சோதித்த மெக்கானிக் நான் என்பதால், டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம் மானேஜருக்கு. எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி நாகேஸ்வரய்யர், "ரெண்டு வரிதானேய்யா, எழுதிக் குடுத்துட்டுப் போயேன், அவா வண்டி வரலேன்னா இங்க என்ன இருக்கு" என்கிறார். நான் அதே தினுசு லாரி ஒன்றில் மானேஜரையே உட்காரவைத்து, எஞ்சினை அணைத்து, மிதியும் என்றேன். மூன்றாவது மிதிக்கு மனுஷர் ஸீட்டைவிட்டு எழும்பிவிட்டார், பிரேக் அசையவில்லை. "எடோ, அவனுக்குக் காலில் பலம் போரா" என்றார், பலம் போதாதாம். உம்முடைய பலத்தைத்தான் இப்போது பார்த்தேனே என்றேன். உத்தரவுதான் காரணம் என்று எழுதி, யோசுவா அண்ணன் கையிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். நாளை முதல் வரவேண்டாம் என்கிறார் முதலாளி. வேலை போனால் போகட்டும். தாளை மாற்றமாட்டேன். "செய்தது சரிதான், அதுக்கு ஏன் சட்டி பானையைப் போட்டு உருட்டுதியோ" என்று சித்தி கேட்கிறாள்.

ஒன்று எழுதக் கை கூசுகிறது. உன் அப்பா இறந்த நாளிலிருந்து, உன்னைவிடப் பதினொரு வயதே மூத்தவனானாலும், உனக்கு அப்பன் நான். இறக்கத்தில் அணைக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. அந்தப் பழைய லாரிக்குக் கம்பி பிரேக், எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். உன் லாரி அதுவல்ல. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏறின கியரிலேயே இறங்கு. ஹவில்தார் அணைக்கச் சொன்னால் முடியாது என்று சொல், என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள், சுவிட்சைத் தொடாதே.

மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையைத் துப்பாமல் விழுங்கு. நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். பதிலுக்கு நாலு பக்கம் வேண்டாம், எஞ்சின் ஓடுகிறது என்று ஒரு வரி எழுது.

உன் சித்தப்பா
பகவதிப்பெருமாள்