ஒரே வாளியில்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். எவ்வளவு கோபத்திலும் இதுதான் முதலில் கைக்கு வருகிறது, அதனால் எழுதிவிட்டேன். இனி வரப்போவது அவ்வளவு இதமாக இருக்காது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ அம்மா அம்மா என்று குழைவாய், நானும் சரி விடு என்று வைத்துவிடுவேன், இத்தனை வருஷமாக அதுதானே நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

செவ்வாய்க்கிழமை எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மக்கர் செய்ததால் முதலாளி மதியமே எங்களை அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. திருடன்தான் என்று குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே போனால் கூடத்தில் உன் அக்கா நிற்கிறாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளிடம் கொடுத்து வைத்த சாவியால் திறந்திருக்கிறாள். தரையில் வண்ணமீன் கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் பிளாஸ்டிக் பைகள், வாயில் ரப்பர் பேண்ட். ஜன்னலோரப் பலகையில் ஆண் மீன்களுக்கு ஆளுக்கொன்றாக நான் வைத்திருந்த பாட்டில்கள் எல்லாம் காலி. கழுவிக் கவிழ்த்துக்கூட வைத்துவிட்டாள். மீன் எங்கேடி என்றேன். கடைக்காரருக்கு எதிரே இருந்த வாளியைக் காட்டினாள். ஃபைட்டர் மீன், அதுவும் ஆண் மீன், அத்தனையும் ஒரே வாளியில்! அவர் வருவதற்குள் வேலையைச் சுலபமாக்கி வைப்போம் என்று இவளே கொட்டியிருக்கிறாள். பாவம் அந்த மனுஷன், ஐயையோ யாராவது இப்படிச் செய்வாங்களாக்கா என்று என்னிடம் புலம்பிக்கொண்டே ஒவ்வொன்றாக வலையில் அள்ளுகிறார். உன் அக்கா சொல்கிறாள், எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்கதானேம்மா, கொஞ்ச நேரம் சேர்ந்து இருக்காதாம்மா என்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே நீங்கள் இரண்டு பேரும், டிவி ரிமோட்டுக்காக அலமாரிக் கதவையே பெயர்த்தீர்களே, மறந்துபோச்சா என்று கேட்டேன்.

செம்பு நிறத்தில் ஒன்று இருந்ததே, கண்ணாடியில் விரலை வைத்தால் கூடவே வருமே, அது செத்துப்போயிற்று. நீ விட்டுப்போன ஜோடியில் ஆண், இவர்கள் எல்லோருக்கும் தகப்பன், நான் பெரியவர் என்று கூப்பிடுகிறேனே, அவருடைய வால் கந்தல் துணியாகத் தொங்குகிறது. ஆனால் என்னை நிற்க வைத்து அறைந்தது அதுவல்ல. கடைக்காரர் வாளிக்குள் பார்த்தபடியே, வீட்டைக் காலி பண்றதுக்குள்ள எடுத்துடச் சொன்னாரு உங்க பையன், அதான் ஓடி வந்தேங்க்கா என்றார். எந்த வீட்டை என்று கேட்டேன். உன் அக்கா மின்விசிறியைப் பார்க்கிறாள். என் வீட்டைத்தானாம்! அவள் வீட்டுப் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றாம். இங்கே குடிவர மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் தயாராக இருக்கிறாராம். அந்த அறையில் என் கட்டில் எந்தச் சுவரோரம் என்பதுவரை முடிவாகிவிட்டது. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போடுகிறவளுக்குத் தன் வீட்டில் நடப்பது தெரியவில்லை பார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அத்தை, எனக்கு ஒண்ணும் தெரியாது, அக்காவும் தம்பியுமா பேசிக்கிட்டாங்க என்று நைசாகக் கழன்றுகொண்டார். கடைசியில் உன் அக்கா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அம்மா மீனை விட்டுட்டு வரமாட்டா, முதல்ல மீனை அனுப்பிடு, அப்புறம் தானா வருவா என்று சொன்னவன் நீதானாமே. அதைப் போய்த் தேடிக் கண்டுபிடித்தாயே, எதை எடுத்தால் அம்மா கழன்று வருவாள் என்று, அந்த மூளையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ வேலைக்கு வெளியூர் போகிறபோது, ரெண்டு உருண்டை தீனி போட்டாப் போதும்மா, அது பாட்டுக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்பா போன பிறகு இந்த வீட்டில் எனக்காக நான் ஆரம்பித்த வேலை இந்த மீன் வளர்ப்பு ஒன்றுதான். உன்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆண் மீன் வாயால் குமிழி விட்டு நீர்மேல் கூடு கட்டும், முட்டை போட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தின்றுவிடும் என்றாய். எடுத்தேன். பெரியவர் சாப்பிடாமல் கொள்ளாமல், கீழே விழுகிற ஒவ்வொரு முட்டையையும் வாயில் பொறுக்கிக் கூட்டில் திரும்ப ஒட்டியதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குஞ்சு தானாக நேராக நீந்த ஆரம்பித்துவிட்டால் தகப்பனையும் எடுத்துடும்மா, அதுக்கு மேல பக்கத்துல இருக்கக் கூடாது என்று நீதான் சொன்னாய். எனக்கு மனசே இல்லை, ஆனாலும் எடுத்தேன். நானும் அப்படித்தானே இருந்தேன்? உன் வேலை, நீ போன ஊர், நீ பார்த்துக்கொண்ட பெண், எதிலாவது மூக்கை நுழைத்தேனா? தகப்பனைத் தொட்டியிலிருந்து எடுத்தது நான். குஞ்சுகள் கூடிப் பேசி எடுத்ததாக எந்த யூடியூபில் பார்த்தாய், சொல்.

குளியலறையில் வழுக்கி விழுந்தது உண்மை, முழங்கை வீங்கியதும் உண்மை. அதற்கு வழுக்காத மிதியடி ஒன்று போட்டால் போதும், போட்டாயிற்று. தனியாக இருக்கிறாளே என்று உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வரமாட்டேன் என்றிருப்பேன், நீ கத்தியிருப்பாய், நானும் கத்தியிருப்பேன், அது மரியாதை. ஒருநாள் நானே வருகிறேன் என்று சொல்லவும் கூடும், யார் கண்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்தேன், உன் அக்கா அன்று அதையும் மூடி மற்ற சாமான்களோடு பெட்டியில் அடுக்கிவிட்டாள். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவற்றைத் திரும்பப் பாட்டிலில் விட்டு, ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்க்காதபடி நடுவில் அட்டை வைத்தாயிற்று. பெரியவரை அகலமான பாத்திரத்தில், புண் ஆறட்டும் என்று துளி உப்பும் காய்ந்த வாதாம் இலையும் போட்டுத் தனியாக விட்டிருக்கிறேன். வால் திரும்ப வளரும் என்று கடைக்காரர் சொன்னார், நாள் பிடிக்குமாம். அவரே சங்கடப்பட்டுப் புழுத் தீனி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் இருவருக்கும் இல்லாத வெட்கம் அவருக்கு இருந்தது. இன்று காலை பாத்திரத்தின் ஓரத்தில் நாலைந்து குமிழி தெரிந்தது. கிழிந்த வாலோடு மறுபடி கூடு கட்டப் பார்க்கிறார்.

அக்காவிடம் இரண்டு நாளாக நான் பேசவில்லை. அவள் அழுதுகொண்டிருப்பாள், நீ கூப்பிட்டுப் பேசு, யோசனை உன்னுடையது, திட்டு மட்டும் அவளுக்கு என்றால் நியாயமில்லை. குடிவருகிறவரிடம் வீடு காலி இல்லை என்று நீயே சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க அந்தத் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, போன தடவையே பவர் ஏறியிருந்தது. இரண்டு பேரும் நன்றாக இருங்கள், கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் நன்றாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. நேற்று ஆள் வைத்து வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். உன் பையில் இருக்கிற சாவி இனி சேராது. வருகிறபோது மணியை அடி, நான் வந்து திறக்கிறேன்.

உன் அம்மா