ஞாயிறுக்கு ஒரு வினைச்சொல்

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு ஆஷ்லின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. லியோனில் குளிர் எப்படி என்று மாமி கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன். போனில் பேசினால் மறுபடி பிரெஞ்சு வினைச்சொல்லில் கொண்டுபோய் விடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே விடாத மழை. வெயில் இல்லாமல் மருந்து காயாது என்று பட்டாசு ஆலைகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்கா மட்டும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாராவாரம் அனுப்பிய சொற்களையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். அவர் ஒரு குழாய் உருட்டுவதற்குள் நான் ஓர் அசை. ர-வியான்-த்ரே. திரும்பி வருவார்களாம் என்று அர்த்தம். கடைசி ஐந்து எழுத்துக்கும் சேர்த்து ஒரே ஏ. "ஏத்தா, அம்புட்டையும் எழுதிட்டுப் பாதிய முழுங்கிருவாகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாக.

நீங்களோ, நாக்கு இன்னும் திரும்பவில்லை, இது சரியாக வரட்டும், உடனே விசாவுக்கு எழுதிப் போடுகிறேன் என்பீர்கள். அடுத்த ஞாயிறு அதைவிட நீளமாக ஒன்று வரும்.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு சபையில் எனக்கு வழியனுப்பு ஜெபம் வைத்துவிட்டார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பள்ளிக்கூட வேலையையும் விட்டேன். சபையார் வாங்கிக் கொடுத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது ஆராதனை முடிந்து வந்தால், இன்னும் போகவில்லையா என்று கேட்காத ஆள் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து வந்துவிடுகிறேன்.

போன வாரம் பிரெஞ்சுப் பரீட்சை பாஸான சான்றிதழ் வாங்க மதுரைக்குப் போயிருந்தேன். பாடம் சொல்லித்தந்த சுகிர்தா மேடத்திடம் நீங்கள் கடைசியாக அனுப்பியதைச் சொல்லிக் காட்டினேன். ர-த்ரு-வா-சியோன். நாம் மறுபடி ஒன்றுசேரும்படி என்று அர்த்தம். உச்சரிப்பு சுத்தம் என்றார். பிறகு சிரித்தார். அந்த ஊரில் இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லையாம், பழைய புத்தகத்தில்தான் இருக்குமாம். அவரிடம் படித்த பெண்கள் பெயரும் ஊரும் சொல்லத் தெரிந்ததுமே புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். உங்க வீட்டுக்காரர் இன்னுமா எழுதிப் போடவில்லை என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் நாக்கில் ஒரு குறையும் இல்லை அத்தான். யாரும் பேசாத பேச்சாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நானும் கெட்டிக்காரி என்று காட்ட அத்தனையையும் உடைத்து உடைத்துச் சொன்னேன்.

மாமியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. மழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு போன் செய்யுங்கள். பிரெஞ்சு வேண்டாம். உங்கள் மனதில் இருப்பதைத் தமிழில் சொல்லுங்கள். வ-ரா-தே. மூன்றே அசை, ஓர் எழுத்தையும் முழுங்க வேண்டியதில்லை. சேர்த்துச் சொல்ல வாய் வராவிட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், நான் காத்திருந்து கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் உங்கள் நாவைத் திறப்பாராக.

இப்படிக்கு,
சபையார் வழியனுப்பிவைத்த
ஆஷ்லின்