துண்டுக்குள் ஒளித்த கரண்டி

எழில்மதி அப்பாவுக்கு,

வணக்கமுங்க. உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நான் துபாயில் நல்லபடியாக இருக்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று இங்கே ஒரு வேடிக்கை. நான் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு இப்போது ஒன்பது மாதம். அவன் பிடித்து இழுத்த கரண்டியைத் துண்டுக்குள் ஒளித்தேன். போன மாதமென்றால் அதோடு மறந்திருப்பான். நேற்று துண்டை விலக்கி எடுத்துவிட்டான்! அவன் அம்மா சொன்னார்: "கண்ணுக்குத் தெரியலைன்னாலும் அது இருக்குன்னு இப்ப அவனுக்குத் தெரியும். இந்த வயசுல வர்ற புத்தி அது. இனிமே நான் ஆபீஸ் போனாலும் தேடுவான்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகுதான் உறைத்தது. நான் கிளம்பிய அன்று நம் எழிலுக்குப் பத்து மாதம். தியாகதுருகத்தில் பஸ் வந்ததும், "நான் காக்கா காட்டிக்கினு இருக்கேன், நீ ஏறிடு. பாத்தா அழுவா" என்றீர்கள். நம் பக்கத்தில் எல்லாரும் பிள்ளையிடம் சொல்லாமல் அப்படித்தானே போகிறோம். பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நானும் ஏறிவிட்டேன்.

பெட்டியில் இருக்கும் என் நைட்டியைத் துவைக்காமல் அவள் தூளியில் போடுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை.

கடிதம் கொண்டுவரும் நைனார்பாளையத்துக்காரர் கீழே காத்திருக்கிறார். அன்று அவள் அழவே இல்லை என்றீர்கள். தேடினாளா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை, பதிலில் அதை எழுதிவிடாதீர்கள்.

இலக்கியா