கோட்டைக்குப் போன மிளகு ரசம்

3 நவம்பர் 2006, வெள்ளி. யான்பு, சவுதி

ஏழு ஜப்பான்காரர்களும் காலையில் விமானம் ஏறினார்கள். ரிஃபைனரியில் அவர்கள் வேலை முடிந்தது. கெஸ்ட் ஹவுஸில் மிச்சம் ஒகுனோ சாரும் நானும்தான். அவருக்கு அறுபத்திரண்டு வயது. புது மெஷின்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க இன்னும் மூன்று மாதம் இருப்பாராம். அவர்களுடைய சமையல்காரரும் கூடவே போய்விட்டார். இதுவரை அவருக்குக் காய் நறுக்கிக் கொடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் இன்றிலிருந்து குக்.

செய்கு அலாவுதீன் பாய் அடுக்களைச் சாவியைத் தந்தார். கேட்டரிங் கம்பெனியில் எங்களுக்கு சூப்பர்வைசர், கீழக்கரைக்காரர். பிப்ரவரியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டுவார்களா என்பது ஒகுனோ சார் எழுதித் தரப்போகும் தாளைப் பொறுத்தது. "மனுசன் வயிறு குளிர்ந்தா ஒனக்கு ரெண்டு வருசம். இல்லையா, மூட்டையக் கட்டிக்க தேவா" என்றார்.

அருள்செல்விக்கு போன் போட்டுச் சொன்னேன். "சரி, உங்க இஷ்டம்" என்றாள். என் பெண்டாட்டி எதற்குத்தான் சரி சொல்லவில்லை! ஒன்பது வருஷமாக இதே பதில்தான்.

6 நவம்பர், திங்கள்

சாம்பார் வைத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஒய்ஷீ" என்று தலை குனிந்தார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதையும் வழித்தார். தேவசுந்தரம், நீ ஆள் கெட்டிக்காரன்தான்வே.

10 நவம்பர், வெள்ளி

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் போய்வந்தேன். தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு ரூமில் பத்துப் பேர் என்று கிடக்கிறவர்கள். எனக்குத் தனி ரூம், ஏசி, டிவி. அதனால் "ஜப்பான்காரன் வந்தாச்சு" என்று சிரிக்கிறார்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டு பஸ் பிடித்தேன். தனி ரூமை அவர்களில் எவனாவது எடுத்துக்கொள்ளட்டும், நான் பத்தோடு பதினொன்றாகப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். 

சாயங்காலம் சம்பல் அரைக்க மாசிக் கருவாட்டு டப்பாவைத் திறந்தேன். மச்சினன் லட்சத்தீவுப் பக்கம் கடல் தொழிலுக்குப் போனபோது வாங்கியது. வாசனை எட்டிய மாத்திரத்தில் ஒகுனோ சார் அடுக்களைக்குள் வந்து நின்றார். இதுவரை அவர் இங்கே வந்ததே இல்லை. ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கட்சுவோ, கட்சுவோ" என்றார். அவர்கள் ஊரிலும் சூரை மீனை இதேபோல் அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைக்கிறார்களாம். இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷ் இருபது வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சூரையைப் பற்றிப் பேசினோம். நான் இந்த வீட்டில் ஒரு மணி நேரம் யாரிடமாவது பேசியது எப்போது? யோசித்துப் பார்த்தால் ஒரு நாளும் இல்லை.

17 நவம்பர், வெள்ளி

அவரிடம் ஜப்பான் சீரியல் டிவிடி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எல்லாம் கோட்டை, வாள், தலையில் கொண்டை. என்னையும் உட்காரச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதையாம். அதில் வரும் பிரபுவுக்குச் சாப்பாடு நேராகப் போகாது. விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். அடுக்களையில் ஒருவன் ருசி பார்ப்பான், வாசலில் இன்னொருவன் பார்ப்பான், அதற்குப் பிறகுதான் பிரபுவிடம் போகும். அதற்குள் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். பாவப்பட்ட பிரபு.

பாதியில் டிவியை நிறுத்தினார். என்னைக் காட்டி, கோட்டையைக் காட்டி, நீ அங்கே போனால் என்ன சமைப்பாய் என்று கேட்டார்.

சூடு ஆறினாலும் நன்றாக இருக்கிற ஒன்றைச் சமைப்பேன் என்றேன். ரசம்! அவர் தாளில் படம் வரைந்து காட்டி, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அங்கே புளி கிடையாது. தேங்காய் கிடையாது. தக்காளிச் செடியைப் பூந்தொட்டியில் வைத்து அழகு பார்த்தார்களாம், வாயில் வைக்கவில்லையாம். நாலு கால் பிராணியைத் தின்றால் தீட்டு. பால் குடிக்க மாட்டார்கள். பிறகு என்னத்தைத்தான் தின்றான் உங்கள் பிரபு என்று கேட்டேன். "ஃபிஷ்" என்றார். அப்பாடா! அப்படியென்றால் பிழைத்துக்கொள்ளலாம்.

24 நவம்பர், வெள்ளி

கோட்டையில் முதல் விருந்து. மிளகு அந்தக் காலத்திலேயே அங்கே உண்டாம். புளிக்குப் பதிலாக, பழைய சமையல்காரர் ஃப்ரிட்ஜில் விட்டுப்போன உப்புப் பிளம் ஊறுகாய். மாசியைக் கொதிக்கவைத்த தண்ணீர். நல்ல காரமாக ரசம் வைத்தேன். மூன்று கிண்ணத்தில் ஊற்றினேன். அடுக்களைக்காரனுக்கு ஒன்று, வாசல்காரனுக்கு ஒன்று, பிரபுவுக்கு ஒன்று.

மூன்று பேரும் ஒகுனோ சாரேதான். முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு உயிரோடு இருக்கிறேனா என்று நாடி பிடித்துப் பார்த்தார். இரண்டாவதைக் குடித்து விறைப்பாக நின்றார். மூன்றாவதற்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிரபுவாக உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இல்லாத வாளை உருவி என் தலைக்கு மேல் ஓங்கி, பிறகு "ஒய்ஷீ" என்று உறையில் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. மூன்று கிண்ணமும் காலி. பிரபுவுக்கு இன்னொன்று ஊற்றினேன்.

8 டிசம்பர், வெள்ளி

இப்போது தினமும் கோட்டைதான். இந்த வாரம் பிரபு ருசி பார்த்தவை: பெப்சி (ஏப்பம் வந்ததும் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டார்), உருளைக்கிழங்கு சிப்ஸ், முக்கோணச் சீஸ் (வாசல்காரன் வெள்ளி ஜரிகைத் தாளோடு தின்னப் பார்த்தான்), ஏலக்காய் டீ. பால் என்றதும் பிரபு முகத்தை மூடிக்கொண்டார். ஆனாலும் குடித்தார். மூன்று பேரும் குடித்தார்கள். ஒரு சொட்டு மிச்சம் இல்லை.

மத்தியானமே நாளைக்கு என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன். பைத்தியம்தான்.

25 டிசம்பர், திங்கள்

இங்கே மாதா கோயில் கிடையாது. விடிகாலையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஜெபமாலை சொன்னேன். ஊரில் இந்நேரம் பூசை முடிந்து குடிலைப் பார்க்க நிற்பார்கள். மகள் ரினி குழந்தை இயேசுவின் காலை முத்தமிட்டாளா? போனில் கேட்டால் எல்லாம் நல்லபடி நடந்தது என்றாள் அருள்செல்வி. பிள்ளைக்கு அனுப்பிய டாங் ஜூஸ் பவுடர், பால்பவுடர், மிட்டாய் எல்லாம்? "முடிஞ்சு போச்சு, நல்லா இருந்துது" என்றாள். சந்தோஷம், இன்னொரு பெட்டி போடவேண்டும்.

இறால் வறுவல், மிளகாய்த் தூள் தாராளமாகப் போட்டு. ஒகுனோ சார் மூன்று கிண்ணம் முடித்து, அதற்கு மேலும் வாங்கிக்கொண்டார். ஒன்பது மணிவரை என்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு அழுதேன். எதற்கு அழுகை? நல்ல நாள்தானே.

5 ஜனவரி 2007, வெள்ளி

சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். என்ன என்று கேட்டேன். வைட்டமின் என்றார்.

16 ஜனவரி, செவ்வாய்

ஒகுனோ சார் சைட்டில் விழுந்துவிட்டார். ரத்தமாக வாந்தி எடுத்தாராம். ஆஸ்பத்திரியில்.

17 ஜனவரி, புதன்

அலாவுதீன் பாய் வந்து அடுக்களையை அலசிப் பார்த்தார். வயிற்றில் பழைய புண்ணாம், அது உடைந்துவிட்டதாம், டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்ன சாப்பிட்டார் என்பதுதானாம். "என்னத்தப் போட்டுக் குடுத்தே தேவா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? மிளகு. மிளகாய். மூணு மூணு கிண்ணம். அதுக்கு மேல ஊத்தினது நான்தான், எங் கையால, சிரிச்சுச் சிரிச்சு ஊத்தினேனே பாவி. மாத்திரைய கண்ணால பாத்தேனே. மாதாவே, அந்த மனுசனுக்கு ஒண்ணும் வந்துரப்பிடாது. கான்ட்ராக்ட் போனா போட்டும்.

20 ஜனவரி, சனி

பார்க்க விட்டார்கள். முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் ஆபத்து இல்லையாம். பக்கத்தில் அவர்களுடைய ஜெத்தா ஆபீஸ் மேனேஜர் இருந்தார். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர். எனக்காகப் பேச அலாவுதீன் பாயும் கூட வந்திருந்தார். நான் கையைக் கூப்பிக்கொண்டு, அவர் ஆசையாகக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார், அதனால்தான் போட்டேன் என்றேன்.

எப்போது கேட்டார் என்றார் மேனேஜர்.

வாய் திறந்து கேட்கவில்லை என்றேன். கிண்ணத்தை வழித்து வைத்தாரே. எங்கள் ஊரில் தட்டைக் காலியாக்கினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள், இல்லை கையைக் குறுக்கே நீட்டுவார்கள். காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவள் என்ன வீட்டுக்காரி?

மேனேஜர் ஒகுனோ சாரிடம் ஏதோ கேட்டார். பிறகு சொன்னார். அவர்கள் ஊரில் நேர்மாறாம். மிச்சம் வைத்தால் சமைத்தவரை அவமானப்படுத்துவது. முதல் ரசத்திலிருந்தே அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது. "உங்கள் கரண்டியைப் பார்த்தாலே பயமாக இருந்தது என்கிறார்" என்றார்.

பிறகு ஏன் தினமும் வந்து உட்கார்ந்தார் என்று கேட்டேன். மேனேஜர் ஜப்பானியில் கேட்டார். ஒகுனோ சார் என்னைப் பார்த்து, எனக்கே புரிகிற இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். சாப்பாடு முடிந்தால் நீ பாத்திரம் கழுவப் போய்விடுவாய், நான் தனி ரூமுக்குப் போகவேண்டும் என்றார்.

அந்தப் படுக்கையிலும் கான்ட்ராக்ட் தாளில் எனக்கு நல்லபடியாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தாளை வாங்கும்போது எனக்குக் கை கூசியது.

21 ஜனவரி, ஞாயிறு

ராத்திரி முழுக்க ஒரே கேள்வி. இன்னும் யார் யாருக்கு நான் கேட்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்?

அருள்செல்விக்கு போன் போட்டேன். டாங் ரினிக்குப் பிடித்திருக்கிறதா, உண்மையைச் சொல் என்றேன். இதற்காகவா காலையில் போன் என்றாள். சொல் என்றேன். பிள்ளைக்கு அந்த வாசனையே ஆகாதாம். நாலு வருஷமாக அடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் குடிக்கின்றன. ஏன் சொல்லவில்லை என்றால், அங்கே கிடந்து கஷ்டப்பட்டு ஆசையாக அனுப்புகிறீர்கள், எப்படிச் சொல்ல என்கிறாள்.

சரி, கான்ட்ராக்ட்? அதையும் கேட்டுவிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம். என் இஷ்டம் கிடக்கட்டும், உன் இஷ்டம் என்ன?

ரினியை வெளியே போய் விளையாடச் சொன்னாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்க ஒரு மாசம் லீவுல வாறது விருந்தாளி வாறது மாதிரிதான் இருக்கு. வீட்ட ஒதுக்கி, நல்ல மீனா பாத்து வாங்கி, ரினிய மெரட்டி ஒழுங்கா உக்கார வச்சு... நீங்க போனப்பொறம்தான் நாங்க மூச்சு விடுகோம். எனக்கு விருந்து வச்சு வச்சு மடுத்துப் போச்சு. எனக்கு எம் மாப்பிள வேணும்."

 கார்டில் காசு தீரும்வரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

3 பிப்ரவரி, சனி

ஒகுனோ சார் திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் ஊருக்குப் போகிறார். உப்பு குறைத்துக் குழைந்த சோறு, அவித்த மீன். ஒரே ஒரு கிண்ணம் வைத்தேன். மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டார். லீவில் போய்விட்டார்கள் என்றேன்.

பாதி சாப்பிட்டார். குச்சிகளைக் கீழே வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பிறகு கையைக் குறுக்கே நீட்டி, "போதும்" என்றார். தமிழில். மேனேஜர் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டு அவருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதோடு விடவில்லை, மீன் அதிகமாக வெந்துவிட்டது என்றார். ரசம் பிடிக்கவே இல்லையா என்றேன். இல்லை என்றார். பெப்சி? பெப்சி நல்லது என்றார்.

அவர் மிச்சம் வைத்த சோற்றை எடுத்து, அதே மேஜையில், அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். இதுவரை நான் சாப்பிட்ட எச்சில் என் பிள்ளையுடையது மட்டும்தான். மீன் அதிகமாகத்தான் வெந்து போயிருந்தது. பாத்திரம் கழுவ எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

10 பிப்ரவரி, சனி

போய்விட்டார். மாசி முழுவதையும் அவர் பெட்டியில் வைத்துக் கட்டினேன். வீடு முழுக்க ஏசி சத்தம் மட்டும்தான்.

12 பிப்ரவரி, திங்கள்

அலாவுதீன் பாய் புதுத் தாளோடு வந்தார். ஒகுனோ சார் எழுதியதைக் கம்பெனியில் எல்லாருக்கும் காட்டினாராம். நான் கையெழுத்துப் போடவில்லை, ஒரேயடியாக ஊருக்குப் போக ஃபைனல் எக்ஸிட் வேண்டும் என்றேன். "கிறுக்காடா உனக்கு?" என்றார். நான் அடுக்களைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

8 மார்ச், வியாழன். ஊர்

வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் நெய்மீன் குழம்பு, இறால், அப்பளம், பாயசம். இரண்டாம் நாள் கோழி. மூன்றாம் நாளும் நல்ல மீன்தான். அருள்செல்வி பக்கத்திலேயே கரண்டியோடு நின்றாள். ரினி தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.  இந்த விருந்து இன்னும் எத்தனை நாளோ என்று பயமாகத்தான் இருந்தது.

இன்று காலை எழுந்துவர நேரமாகிவிட்டது. ரினி பள்ளிக்கூடத்துக்குப் போயாகிவிட்டது, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே. அருள்செல்வி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் பழங்கஞ்சி, ஒரு துண்டு சுட்ட கருவாடு, ஒரு தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. உட்கார்ந்து குடித்தேன்.

உப்பு போதவில்லை. பின்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அலமாரியில இருக்கு. எடுத்துப் போடுங்க" என்றாள்.