அழித்த இடத்தில் இருந்த E

1985 ஜூன் 24, திங்கள்

மெஷின் வந்துட்டு, ஜப்பான் மெஷின், பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் ரத்த அழுத்தம் நம்பராகவே தெரிகிறது, குற்றாலத்தில் அதை இயக்கப்போவது நான், நானேதான்!

பாதரசம் வேண்டாம், காதில் குழாய் வேண்டாம். அண்ணனின் ரேடியோ கடையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் பார்த்து நானாக மெஷின் வேலை கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. திருநெல்வேலி டாக்டர் குழல்வாய்மொழி ஆராய்ச்சி செய்கிறார். அருவியில் குளிக்கும் முன்பும், குளித்துப் பத்து நிமிடம் கழித்தும், பெண்களின் ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது? இருநூறு பேரைப் பார்க்க வேண்டும்.

மெஷினை ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா உன்னை அருவில தள்ளிருவேன்" என்றார். ஆவுடைநாயகம் அண்ணன், "சொக்கம்மா கேட்டுட்டுப் பிரிக்க நினைக்கது இதுதான் முதத் தடவை டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தான்.

ஜூன் 27

முப்பத்தொரு பேர்! எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள், பட்டை வழுக்குகிறது. துண்டால் துடைத்துத் துடைத்து என் கையெல்லாம் நல்லெண்ணெய். கடையத்துக்காரி ஒருத்தி, "ஏட்டி, கரண்டு அடிக்குமா?" என்றாள். பேட்டரிதான் என்றேன். "அப்போ எம் மாமியாருக்கு வேண்டாம், கரண்டு வந்ததும் சொல்லு."

ஜூலை 2

பெண்கள் குளிக்கும் பக்கம் சீயக்காய்த்தூள் விற்கும் சங்கரம்மாள்தான் எங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவள். இன்று அவளையே உட்கார வைத்தேன். மெஷின் நம்பர் காட்டவில்லை. E என்று ஒரே எழுத்து, Error என்பதற்கு. திரும்ப அமுக்கினேன். E. மூன்றாவதும் E.

"என்னட்டி, ஒம் மெஷினுக்கு என்னைய புடிக்கலையா?"

"ஒங்க கை ஒல்லியா இருக்குக்கா, அதான்."

நான்காவது தடவை 138, 86. தாளில் எழுதியிருந்த E-ஐ ரப்பரால் அழித்துவிட்டு நம்பரை எழுதினேன். அந்தத் தாளில் நம்பருக்குத்தானே கட்டம் இருக்கிறது? ரேடியோவிலும் கரகரப்பு வரும். மெதுவாகத் திருகினால் ஸ்டேஷன் கிடைக்கும். கரகரப்பை யாராவது எழுதி வைப்பார்களா?

சந்தேகம் வந்தால் நாடியைக் கையால் பார் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். எனக்குச் சந்தேகம் வரவில்லையே.

ஜூலை 9

இன்றும் ஒரு E. அழித்தேன். சொன்னால் மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ — அனுப்பக் கூடாது.

ஜூலை 16

சங்கரம்மா விழுந்துட்டா.

சீயக்காய்ப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தவ கையிலிருந்து பொட்டலம் நழுவுச்சு. "எடுத்துத் தாட்டி"ன்னு சொல்ல வந்தா, வாய் கோணிட்டு. வலது கை தொங்கிப்போச்சு. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாரல் நிக்கவே இல்ல. கார்ல அவ கையைப் புடிச்சுக்கிட்டே போனேன். அப்பதான் நாடி என் விரல்ல தட்டுச்சு. ரெண்டு அடி ஓடும், ஒண்ணு நிக்கும், மூணு ஓடும். முன்னாடியே புடிச்சிருந்தா?

ஜூலை 17

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"இதயம் தாளம் தப்பி அடிக்கி. அதுல ரத்தம் கட்டி, மூளைக்குப் போயிருக்கு. மெஷின் எனக்குப் புரியலன்னு மூணு தடவ சொல்லிருக்கு. நீ புரிஞ்ச மாதிரி எழுதிருக்க."

அழுதேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கட்டம் போட்ட தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "E-க்கு இடம் விடாதது நான்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஜூலை 18

அழித்தது சங்கரம்மாளின் தாளில் மட்டும்தானா? எத்தனை அழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாத் தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது. நம்பருக்கு அடியில் பென்சில் அழுத்திய தடம். இன்னும் ஆறு பேர். தாளில் பெயரும் வயதும்தான் இருக்கிறது, விலாசம் இல்லை.

ஜூலை 29

ஆறு பேரில் ஒருத்தி, வாசுதேவநல்லூர்க்காரியைக் கண்டுபிடித்தோம். ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன். ஒழுங்காக அடிக்கிறது. பட்டை வழுக்கியதால் வந்த E. பஸ்ஸில் திரும்பும்போது தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

புதுத் தாளில் E-க்கு ஒரு கட்டம், நாடிக்கு ஒரு கட்டம். முதலில் விரல், அப்புறம்தான் பொத்தான்.

பண்பொழிக்காரி பிருஹதாம்பாளுக்கு நாடி தாளம் தப்பியே அடிக்கிறது. டாக்டர் மாத்திரை தொடங்கிவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீடு தேடி வந்தே?" என்றாள். சொன்னேன், எல்லாவற்றையும்.

சங்கரம்மாளுக்கு இன்னும் கை தூக்க வரவில்லை. இடது கையால் பொட்டலம் கட்டப் பழகுகிறாள். நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். "நல்லா... இழுட்டி" என்றாள். குழறினாலும் புரிந்தது.

இன்னும் நாலு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் கடை வாசலிலும் தென்காசி பஸ் ஸ்டாண்டிலும் ஒட்ட எழுதிய நோட்டீஸை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஜூலையில் குற்றாலம் பேரருவியில் மெஷினில் கை கொடுத்த பெண்களே, உங்களுக்கு மூன்று நான்கு தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்திருந்தால், அந்த நம்பரை நம்ப வேண்டாம். தவறு மெஷினுடையது அல்ல, எழுதியவளுடையது. ஆவுடைநாயகம் ரேடியோ கடைக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் பெயரையும் ஊரையும் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். படிக்கிறவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்."