நான் பட்டை போட்ட கம்பி

திருவண்ணாமலை
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மாறனும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் அண்டாமல் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் போனில் சொல்லி வந்தோம், அதில் பாதிதான் நிஜம். தினம் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாம் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் தாலுகா ஆபீசில் எழுதியே காலம் தள்ளியவன் நான், வாயை விடப் பேனா எனக்குச் சொன்னபடி கேட்கும்.

விஷயம் இதுதான். உன் அம்மா நாலு மாதமாக நம் சந்து முனையைத் தாண்டவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு வாங்கின அந்த மூன்று சக்கர வண்டியில், இடது கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு கிரிவலப் பாதை நடைமேடையில் தினம் சாயந்திரம் எமலிங்கம் கோயில் வரை போய் வருவாளே, அது நின்றுவிட்டது. பின்னால் தள்ளிக்கொண்டு வருவது நான்தான் என்றாலும் யாராவது என்னைப் பாராட்டினால் அவளுக்குப் பொறுக்காது, அவரு சும்மா கூட வர்றாரு என்பாள். ஆனி மாதம் ஒரு நாள் நடைமேடை மேல் ஏறி வந்த பைக் ஒன்று வண்டியை உரசிவிட்டுப் போனது. அடி ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து, நடைமேடையில் இருசக்கர வாகனங்கள் புகாதவாறு இரும்புத் தடுப்பு அமைத்துத் தரும்படி ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கி நெடுஞ்சாலை ஆபீசில் கொடுத்தேன். இருபதே நாளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் சர்வீசில் இருந்த காலத்தில் எந்த மனுவும் இத்தனை வேகமாக நகர்ந்து பார்த்ததில்லை. நம் சந்துக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கம்பிகள், அடியில் கான்கிரீட். நான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். பைக் ஹேண்டில் நுழைந்துவிடப் போகிறது, இன்னும் கொஞ்சம் நெருக்கி நடுங்கப்பா என்று சொன்னது யார் என்று நினைக்கிறாய், உன் அப்பாதான்.

கான்கிரீட் காய்ந்த அன்று சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முன் சக்கரம் நுழைந்தது, பின் சக்கரம் இரண்டும் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன், இடைவெளி இரண்டேகால் அடி, வண்டி இரண்டேமுக்கால் அடி. ரோட்டுப் பக்கம் இறக்கலாம் என்றால் நம் சந்து முனையிலும் நடைமேடை முழங்கால் உயரம். ஆக அவளுக்கு மிஞ்சியது சந்தும் எண்பது அடி நடைமேடையும்தான். சின்ன சக்கர நாற்காலி வாங்கலாமே என்பாய், நானும் சொன்னேன், அதில் என்னை நீங்க தள்ளணும், இதில் நான் ஓட்டுறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு முறை டீக்கடையில் இருந்த இரண்டு பேர் வண்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள், புடவை விலகிவிட்டது, அன்றிலிருந்து யாரையும் கிட்டே விடுவதில்லை. எனக்கும் குடலிறக்க ஆபரேஷன் ஆன வயிறு, தூக்க முடியாது, ஆட்டோவில் ஏற்றவும் ஆள் தூக்க வேண்டுமே. செங்கம் ரோட்டில் வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் போவது நின்றுபோனது. அந்தம்மா போன மாதம் நம் மேல் இரக்கப்பட்டு ஒரு தடவை வீட்டுக்கு வந்து கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே வுட்டா இந்த வெரலுங்க மடங்கினது மடங்கினதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இதை உன்னிடம் மறைத்தது தப்பு.

இதோடு நின்றிருந்தால் ஒரு கம்பியை எடுக்கச் சொல்லி மனு போட்டு முடித்திருப்பேன். பால் ஊற்றும் அன்பரசன் இருக்கிறானே, அவன் விடியற்காலை நடைமேடை மேல் சைக்கிளில் வந்தவன் கம்பி இருப்பது தெரியாமல் மோதி, தோள்பட்டை எலும்பு உடைந்து, பால் எல்லாம் ரோட்டில் ஓடியது. நான் கேட்டு நட்ட கம்பி, என் மனசு கேட்குமா. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, இருட்டில் பளிச்சென்று தெரியட்டும் என்று ஆறு கம்பிக்கும் அடித்தேன். என் கை உனக்குத் தெரியும், கோணல் மாணலாக எதையும் செய்ய வராது, ஸ்கேல் வைத்த மாதிரி குறுக்கே மூன்று கோடு, நடுவில் விரல் அகலம் இடைவெளி. கறுப்புக் கம்பியில் மூன்று வெள்ளைக் கோடு, அதுவும் கிரிவலப் பாதையில், என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை பார். நாலாம் நாள் நடுக்கம்பியில் குங்குமப் பொட்டு. அடுத்த பௌர்ணமிக்கு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். இந்தப் பக்கத்துக் கம்பியைக் கும்பிட்டவர்கள் அந்தப் பக்கத்தை விடுவார்களா, அதற்கும் ஆயிற்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து பூ விற்கும் ஜோதியம்மாள் தன் கூடையையே அங்கே மாற்றிக்கொண்டாள்.

நான் அதே நெடுஞ்சாலை ஆபீசுக்கு நடையாய் நடந்து, போன செவ்வாய்க்கிழமை நடுக்கம்பியை அறுக்க ஆட்களை வரவழைத்துவிட்டேன். மெஷினை எடுத்ததும் கூட்டம் கூடிவிட்டது. சாமி மேல கை வைக்காதீங்க என்று இரண்டு பெண்கள் கம்பியைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வேறு வழியில்லை, எல்லார் முன்னாலும் போய் நின்று, அம்மா, இது விபூதி இல்லை, பெயிண்ட், அடித்தது நான், டப்பா வீட்டில் இருக்கிறது, கொண்டு வந்து காட்டட்டுமா என்றேன். ஜோதியம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "யாரு கையால பட்டை போட்டுக்கணும்னு சாமிக்குத் தெரியாதாங்க?" என்றாள். நான் சொல்லச் சொல்ல என் மேல் மரியாதைதான் ஜாஸ்தியாயிற்று, ஒருவர் என் காலில்கூட விழப் பார்த்தார். ஆட்கள் மெஷினைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மனு போட்டவன், நெருக்கச் சொன்னவன், பட்டை அடித்தவன் எல்லாம் நானே. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியை இதைவிடப் பக்காவாக உள்ளே வைத்துப் பூட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் பொட்டு வைத்த புண்ணியவான் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று கத்தினேன். அவள், "அது நான்தாங்க" என்றாள். நான் கடைக்குப் போயிருந்தபோது வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் என்னத் தாண்டித் தாண்டிப் போயிக்கினே இருந்தாங்க. சாமின்னா ஒரு ஆளாவது நிப்பாங்க, என்னம்மான்னு கேப்பாங்கன்னு வச்சேன்." ஓவியா, எனக்குக் கோபம் வரவில்லை, அழுதுவிட்டேன். சாயந்திரம் ஆனால் கம்பிப் பக்கம் போய் உட்காருகிறாளே, காற்றுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் புது மனு எழுதினேன், இரண்டு பக்கமும் நடுக்கம்பியை எடுத்துத் தரும்படி. அதே நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போனேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. தோளில் கட்டோடு இருக்கும் அன்பரசனே, சாமி விஷயம் சார், என்ன வுட்டுடுங்க என்று கதவைச் சாத்திவிட்டான். வெறும் தாளோடு வந்து உட்கார்ந்தேன். அம்மா பேனாவைக் கேட்டாள். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க ஆபீஸ்ல பேசுங்க" என்றாள். முதல் கையெழுத்து அவளுடையது, இரண்டாவது என்னுடையது. அந்தத் தாளைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது இடம் உனக்கு. நம் வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு, போனில் படம் பிடித்து அனுப்பாதே, ஆபீசில் மைதான் செல்லும். கம்பி போகுமா போகாதா என்று எனக்குத் தெரியாது. மூன்று பேர் கேட்டார்கள் என்றாவது எங்கேயாவது பதிவாகட்டும்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். அண்ணாமலையார் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு வைக்கட்டும். மறந்துவிடாதே, தாளைப் பிரித்ததும் முதல் கையெழுத்தைப் பார்த்து ஏதோ கிறுக்கல் என்று நினைத்துவிடாதே. அம்மா இடது கையால் போட்டது, கால் மணி நேரம் ஆயிற்று. திரௌபதி என்று முழுசாக எழுதியிருக்கிறாள்.

உன் நலம் விரும்பும் அப்பா,
சுப்பிரமணி