திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு, நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள். உன் அம்மா போனபின் எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது. வாயில் எதை வைத்தாலும் காகிதத்தை மெல்வதுபோல் இருக்கிறது. ஏரி உறைந்துவிட்டது, மீன்பிடிக் குடிசையை இந்த வருஷம் நான் பனிக்கட்டி மேல் இழுத்துப்போய் நிறுத்தவில்லை.

நீ அனுப்பிய பச்சைப் பொடியும் உடற்பயிற்சி ரப்பர் பட்டையும் வந்தன. பொடியை ஒரு தடவை கலக்கிக் குடித்தேன், குளத்துப் பாசி இப்படித்தான் இருக்கும். நீ அனுப்பிய பயிற்சி வீடியோவில் அந்தப் பெண் குதிக்கச் சொன்ன இடத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் தனியாக இருக்க விடமுடியாது என்று டாக்டர் சொன்னார். நீயும் வீட்டை விற்றுவிட்டு முதியோர் விடுதிக்குப் போ என்கிறாய். சர்க்கரை ஏன் ஏறாது? அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சில் உள்ளவர்கள் கொண்டுவந்து குவித்த ஹாட்டிஷ் ஃபிரீசர் முழுக்க இருந்தது. நூடுல்ஸ், கறி, சீஸ், மேலே பொரித்த உருளைக்கிழங்கு. மூன்று வேளையும் அதையே சூடாக்கித் தின்றேன், யோசிக்க வேண்டாம் அல்லவா. கிளினிக் நர்ஸ் ஜோலீன்தான் என்னை நிறுத்திச் சொன்னாள்: “பெருசா ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க, ஹார்லன். தினம் வாசப்படியத் தாண்டுங்க. தட்டுல பாதி காயா இருக்கட்டும். அதுக்கு மேல இப்ப உங்களால ஆகாது.”

வாசற்படியைத் தாண்டி எங்கே போவது? அப்போதுதான் ஹாட்டிஷ் வந்த கண்ணாடிப் பாத்திரங்கள் காலியாகிக் கிடப்பது கண்ணில் பட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிச் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும், உனக்குத் தெரியாததா. கழுவித் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஊர் வாயில் நான்தான் விழுவேன். வண்டியில் ஏற்றினால் ஒரே சுற்றில் முடிந்திருக்கும். நான் ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம் என்று நடந்தேன். முதல் நாள் எதிர்த்தெரு மார்லிஸ் வீட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்ததுதான் தப்பு. காப்பியும் கேக்கும் வந்ததோடு, கொண்டுபோன பாத்திரத்தையே மறுபடி ஹாட்டிஷால் நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டாள். வெறும் பாத்திரத்தோடு போனவன் சுமையோடு வந்தேன். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் பூட்ஸைக் கழற்றுவதில்லை, வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீயும் எதை ஆரம்பித்தாலும் இப்படிச் சின்னதாக ஆரம்பி, ஆபீஸில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ராத்திரிக்கு நான் காரட்டும் பீன்ஸும் வேகவைத்துக்கொள்கிறேன், ருசி தெரியாதவனுக்கு எதுவானால் என்ன. போன வாரம் ஜோலீன் சோதித்துவிட்டுச் சர்க்கரை இறங்குகிறது என்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

நேற்றுக் கடைசிப் பாத்திரம். கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, யார் வீடு என்று கவிழ்த்துப் பார்த்தேன். வெர்னா என்று எழுதியிருந்தது. உன் அம்மா பெயர், அவள் கையெழுத்தேதான். எந்த வாசலுக்குக் கொண்டுபோவேன்? அதையும் அணைத்துக்கொண்டு மார்லிஸ் வீட்டுக்குத்தான் நடந்தேன். அவள் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரர் போனப்ப வெர்னா இதுலதான் கொண்டுவந்தா. திருப்பித் தர மனசே வரல. அவ சாவுக்குத்தான் இதுலயும் சமைச்சுக் கொண்டாந்தேன், ஹார்லன்.” நான் பூட்ஸைக் கழற்றவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே அதைக் கொண்டுவந்தேன். காரட்டும் வெங்காயமும் கொஞ்சம் கோழியும் அதில் போட்டு ஓவனில் வைத்தேன். தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தால், உப்புக் கூடியிருந்தது. கூடியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது, மகளே. அப்புறம் வெகுநேரம் அழுதேன்.

இன்று காலை கையில் ஒன்றும் இல்லாமலே நடந்துவிட்டு வந்தேன். வீட்டை விற்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வை. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். நீ வரும்போது அந்தப் பாத்திரத்தை நீதான் கழுவுவாய், அடியில் இருக்கும் டேப்பை மட்டும் சுரண்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா ஹார்லன்